வலது பெடல்

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று காலை வாய்க்கால் ரோட்டில் வலது கால் பெடலிலிருந்து வழுக்கிவிட்டது. காலைத் திரும்ப எடுத்து வைப்பதற்குள் பெடல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பில் அடித்தது. நல்ல சத்தம். வாய்க்காலில் துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்காததுபோல் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு மிதித்தேன்.

வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுப்பது என் வேலை. ஐந்து தெரு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இரண்டு சிற்றூர், மொத்தம் அறுபத்தொரு வீடு. ஸ்கூட்டி எடுத்துக்கொள் என்று என் வீட்டுக்காரர் ஆறுமுகநயினார் நாலு வருடமாகச் சொல்கிறார். அவர் மினிபஸ் ஓட்டுகிறவர்; எஞ்சின் இல்லாத வண்டியை வண்டியாகவே மதிப்பதில்லை. எனக்கு மகள் பிரியாவின் பள்ளிக்கூடத்து சைக்கிள் போதும். வயல் வரப்பில் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு நடக்க நான் என்ன பைத்தியமா?

வீட்டுக்கு வந்து பார்த்தால் தோல் உரிந்து, கணுக்கால் வரை ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. வலி இல்லை. வலி இல்லை என்றால் பெரிய அடி இல்லை. கழுவி மருந்து வைத்தேன்.

இந்த டைரி பிரியா கோயம்புத்தூர்க் கல்லூரியிலிருந்து அனுப்பியது. "ஊர்ல எல்லாரையும் திட்டுதியே, இதுல எழுதி வச்சுத் திட்டும்மா" என்றாள். முதல் திட்டு பெடலுக்கு.

அக்டோபர் 16, வியாழன்

மறுபடியும். அதே கால், அதே எலும்பு, ஒரு விரற்கடை மேலே. சனியன் பிடித்த பெடல்.

அக்டோபர் 17, வெள்ளி

சேக் மைதீன் அண்ணாச்சி கடைக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரே ஒரு தகரக் கூரை, அதற்குக் கீழே ஊரில் உள்ள சைக்கிள்கள் பாதி. தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் பம்பைக் கீழே வைத்தார்.

பெடலைக் கையால் சுற்றினார், ஆட்டினார், கட்டைவிரலால் ரப்பரைத் தேய்த்துப் பார்த்தார்.

"கொஞ்சம் தேஞ்சிருக்கு தங்கச்சி. ஆனா வழுக்குத அளவுக்கு இல்ல."

"எங்காலு வழுக்குதே அண்ணாச்சி. பெறவு என்ன, ரோடா வழுக்குது?"

"சரி, ஏறி உக்காரு. எப்படி மிதிக்கன்னு பாப்போம்."

ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் உட்கார்ந்து மிதித்தேன். போகிற வருகிறவர்களுக்கு நல்ல வேடிக்கை. குதிகாலுக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தைப் பெடலில் வைத்து மிதிக்கிறேனாம். விரலுக்குக் கீழே இருக்கும் அகலமான பாகம் பெடலின் நடுவில் இருக்க வேண்டுமாம். வைத்தேன். நாலு சுற்றில் கால் தானாகப் பின்னால் போய்விட்டது. குனிந்து பார்த்துத் திரும்பச் சரியாக வைத்தேன். மறுபடி போனது, மறுபடி குனிந்தேன்.

"ஏன் தங்கச்சி குனிஞ்சு குனிஞ்சு பாக்கே? பெடல்ல கால் இருக்கா இல்லையான்னு காலுக்கே தெரியும்லா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "புதுப் பெடல் போடுங்க அண்ணாச்சி, பாடம் நடத்தாதிய" என்றேன். கட்டம் கட்டமாக ரப்பர் வைத்த புதுப் பெடல் இரண்டு பக்கமும் போட்டுக் கொடுத்தார். இனி எப்படி வழுக்குகிறது என்று பார்க்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பிரியா வந்திருக்கிறாள். முந்திரிக்கொத்து, அதிரசம், ரவா லட்டு. ஊருக்கெல்லாம் நாவைக் கட்டச் சொல்கிறவள்தான் நான், ஆனால் பண்டிகை நாளில் யாரும் கட்ட வேண்டியதில்லை. ராத்திரி ஆறு தடவை எழுந்து பாத்ரூம் போனேன். மழைக் குளிர்.

காலில் கட்டுப் பிரிக்கும்போது பிரியா பார்த்துவிட்டாள்.

"எம்மா, இது என்ன? எப்ப பட்டது?"

"நேத்து" என்றேன். ஆறு நாள் ஆகிவிட்டது. பிள்ளை பண்டிகைக்கு வந்த இடத்தில் எதற்கு?

அவள் பள்ளிக்கூடத்தில் ஹாக்கி ஆடியவள். பரணில் ஏறி, அந்தக் காலத்தில் காலுக்குக் கட்டிய காப்பு ஒரு ஜோடி எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே பஞ்சு, வெளியே பிளாஸ்டிக். "இதைக் கட்டிக்கிட்டு மிதி. பெடல் வந்து அடிச்சாலும் அதுக்குத்தான் வலிக்கும்" என்று சிரித்தாள். சேலைக்குள்ளே கட்டி நடந்து காட்டினேன். வீட்டுக்காரர், "ஒலிம்பிக்குக்கு ஆள் எடுக்காவளா?" என்று கேட்டார். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அக்டோபர் 24, வெள்ளி

கட்டம் போட்ட ரப்பரும் சரியில்லை. சேறு அப்பிக்கொண்டால் கட்டமாவது வட்டமாவது. இரண்டு தடவை வழுக்கியது. காப்பு இருந்ததால் காயத்துக்கு மேல் காயம் படவில்லை.

பழைய டியூபை நாடா நாடாவாக வெட்டி, பெடலைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். காய்ந்த ரோட்டில் கால் அப்படியே ஒட்டுகிறது. நனைந்த பிறகு அதுவும் கைவிட்டுவிட்டது. பையில் ஒரு பழந்துணி வைத்துக்கொண்டு, ஏறும் முன்பு பெடலையும் செருப்படியையும் துடைக்கிறேன்.

இன்னொன்று, எழுதினால் எனக்கே சிரிப்பு வருகிறது. மேலத்தெருவில் ஒரு வீட்டுத் திண்ணை ஓரத்தில் உட்கார்ந்து பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள், "என்னம்மா, ஒத்தச் செருப்போட வந்திருக்க?" என்றாள். பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை! எங்கே கழன்றது என்று தெரியாது. வந்த வழியே போய்த் தேடினேன். முக்கால் கிலோமீட்டர் தள்ளி, ரேஷன் கடை முன்னால் கிடந்தது. அவ்வளவு தூரம் வெறுங்காலால் பெடலை மிதித்திருக்கிறேன். வேலை ஞாபகத்தில் இருந்தால் இப்படித்தான்.

அக்டோபர் 28, செவ்வாய்

பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்கினேன். இனி கழலாது.

கோயில்பிள்ளை வீட்டில் இன்று நல்ல சண்டை. மின்வாரியத்தில் கம்பம் ஏறிய மனிதர், ஐம்பத்தெட்டு வயது. சர்க்கரையில் வலது கால் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். அப்படியும் போன மாதத்து மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கிறது.

"இது என்ன, ஷோகேஸ்ல வைக்கவா தந்தேன்? கால் போனா மறுபடி முளைக்குமா?" என்று சத்தம் போட்டேன்.

அவர் கோபப்படவில்லை. சைக்கிளைப் பார்த்தார், என் புதுச் செருப்பைப் பார்த்தார். "செருப்பு மாத்திட்டியோ? எனக்கும் மொதல்ல செருப்புதாம்மா கழண்டு கழண்டு போச்சு. நடந்துக்கிட்டே இருப்பேன், காலைப் பாத்தா செருப்பு இருக்காது. நானும் செருப்புக் கடைக்காரனைத்தான் வஞ்சேன்."

அவர் கதை வேறு. ஒரு வேளைக்கு ஒன்பது இட்லி சாப்பிட்ட மனிதர். என் செருப்பு கழன்றது சேற்றில். மாத்திரையை என் கண் முன்னால் விழுங்கச் செய்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

நவம்பர் 3, திங்கள்

காயம் இன்னும் காயவில்லை. மழைக்காலம்.

மத்தியானம் வீட்டில் தனியாக இருந்தேன். சர்க்கரை பார்க்கும் மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க என் விரலிலேயே குத்திப் பார்த்தேன். 318 காட்டியது. மெஷினில் கோளாறு. சாப்பிட்ட கையோடு பார்த்தால் யாருக்கும் கூடத்தான் செய்யும். அரை மணி கழித்து இன்னொரு விரலில் பார்த்தேன். 326. நிச்சயம் கோளாறுதான்.

சாயங்காலம் அதே மெஷினில் நாலு பேருக்குப் பார்த்தேன். நாலு பேருக்கும் போன மாதம் காட்டியதைத்தான் காட்டியது.

என் அம்மாவுக்கு இருந்தது. அம்மாவுக்கு இருந்தால் எனக்கும் இருக்க வேண்டும் என்று சட்டமா? அம்மா மாத்திரையே சாப்பிட்டதில்லை. எனக்கு மாத்திரைகளின் பெயர் எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

நவம்பர் 5, புதன்

மூன்று தடவை. பெடல் அடித்த அடியில் ஹாக்கிக் காப்பு கீறிவிட்டது.

நவம்பர் 8, சனி

யோசித்து யோசித்து வழி கண்டுபிடித்தேன். ஆணி! ரப்பர் வழுக்கும், துணி வழுக்கும், ஆணி வழுக்காது. வெளியூரில் மலையில் ஓட்டுகிறவர்களின் பெடலில் முளை முளையாக இரும்பு இருக்கும் என்று பிரியா போனில் படம் அனுப்பியிருந்தாள். செருப்படியில் அது பதிந்துகொள்ளுமாம், கால் அசையாதாம்.

சேக் மைதீன் அண்ணாச்சியிடம் படத்தைக் காட்டினேன்.

"அது மொட்டை முளை தங்கச்சி. அதுக்குன்னு கெட்டி அடி வச்ச ஷூ உண்டும். நம்மகிட்ட இருக்கது கூர் ஸ்குரு. உஞ் செருப்பு ரெண்டே மாசத்துல அப்பளம் ஆயிரும்."

"புதுச் செருப்பு அண்ணாச்சி. கெட்டியா இருக்கு, பாருங்க."

"குத்துச்சுன்னா?"

"குத்துச்சுன்னா எனக்குத் தெரியாதா? காலை எடுத்துர மாட்டேனா?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நான் விடவில்லை. என் வாய்க்குப் பயந்துதான் செய்தார் என்று நினைக்கிறேன். பழைய இரும்புப் பெடல் ஒரு ஜோடி தேடி எடுத்து, மரத்துண்டு அடைத்து, பக்கத்துக்கு ஆறாக ஸ்குரு இறக்கினார். முனை ஒரு நெல் நீளம் வெளியே நிற்கிறது. "கூரை அரம் வச்சு ராவித் தாரேன், நாளைக்கு வா" என்றார். நாளைக்கு வரைக்கும் யார் காத்திருப்பது? வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

ஐந்து நாளாக ஒரு தடவைகூட வழுக்கவில்லை!! நேற்று அடைமழையில் வாய்க்கால் ரோடு முழுக்க மிதித்துப் போனேன். கால் ஆணி அடித்தது மாதிரி நின்றது. அறுபத்தொரு வீட்டையும் முடித்துவிட்டேன். கோயில்பிள்ளைகூட மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தார். வீட்டுக்காரரிடம் சொன்னேன், உங்கள் ஸ்கூட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று.

சந்தோஷமாக இருக்கிறது. பெடல்தான் காரணம், வேறு ஒன்றுமில்லை. நான் அன்றே சொன்னேன்.

நவம்பர் 17, திங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று டைரியை இரண்டு தடவை மூடிவைத்தேன்.

சாயங்காலம் வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். இன்று கடைசி டிரிப் இல்லாததால் அவர் சீக்கிரம் வந்துவிட்டார். வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"ஏட்டி வடிவு, குங்குமத்தைக் கொட்டிட்டியா? வாசல்ல இருந்து அடுக்களை வரை செவப்பாக் கெடக்கு!"

எட்டிப் பார்த்தேன். வாசலிலிருந்து வரிசையாக, ஓர் எட்டுக்கு ஒன்றாகச் சிவப்புத் தடம். எல்லாம் வலது கால். குடத்துப் பக்கம் போய், அரிசிப் பானைக்குப் போய், அம்மிக்குப் போய், கடைசியில் நான் நின்ற இடத்தில் வந்து நின்றது. நான் நின்ற இடத்தில் தட்டு அளவுக்கு ரத்தம்.

காலைத் தூக்கிப் பார்த்தேன். பாதத்தில் மூன்று ஓட்டை. செருப்பை எடுத்துப் பார்த்தால் அதிலும் மூன்று, நேருக்கு நேர். இரண்டு ஓட்டையில் ரத்தம் புதிது. ஒன்று பழையது, ஓரம் வெளுத்து ஊறிப்போயிருந்தது. எத்தனை நாளாகக் குத்துகிறதோ!

"முள்ளு" என்றேன்.

"எந்த முள்ளு இப்படிக் குத்தும்? வலிக்கலையாட்டி உனக்கு?"

"வலிக்காம? உயிர் போவுது."

வலிக்கவில்லை. முகத்தைச் சுளித்துக் காட்டினேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கழுவிவிட்டார், துணி கட்டிவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் இப்படி ஒரு பொய் சொன்னதில்லை. தரையை அவரே துடைத்தார். நான் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு தடமாக மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

வேலைக்குப் போனேன். ஸ்குருவைக் கழற்றிவிட்டேன். கழற்றியதும் முதல் திருப்பத்திலேயே கால் வழுக்கியது.

நவம்பர் 20, வியாழன்

காய்ச்சல். லீவு சொல்லவில்லை. பதினாறு வீடு நடந்தே போனேன். பெடல் இல்லாமல், காய்ந்த ரோட்டில், நடக்கும்போதும் வலது கால் சரியாக விழவில்லை. எங்கே வைக்கிறேன் என்று ஒவ்வொரு எட்டுக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கு எந்தப் பெடலைத் திட்டுவது?

நவம்பர் 22, சனி

ஹாக்கிக் காப்பை நாலு நாளாக அவிழ்க்கவில்லை. காயத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அதன் மேலேயே கட்டிக்கொண்டிருந்தேன். இன்று குளிக்கும்போது அவிழ்த்தேன்.

அந்த வாடை எனக்குத் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் நாலு மாதம் தினமும் அந்த வாடையில் உட்கார்ந்து அம்மாவுக்குக் கட்டு மாற்றியிருக்கிறேன். அப்போதும் சின்னக் காயம்தான், கல்லில் இடித்தது. அம்மாவும் வலிக்கவில்லை என்றுதான் சொன்னாள். நானும் நம்பினேன். வலிக்காவிட்டால் நல்லதுதானே என்று நினைத்தேன். முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகு அம்மா இருந்தது நாற்பது நாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இவ்வளவு நாளும் பயமாகத்தான் இருந்தது. 318 பார்த்த அன்றைக்கு ஓடியிருக்க வேண்டும். ஊரெல்லாம் மாத்திரை கொடுக்கிறவள், எல்லோரையும் வாய் கிழியத் திட்டுகிறவள், ஆஸ்பத்திரியில் போய் எனக்கும் ஒரு சீட்டு போடுங்கள் என்று வரிசையில் நிற்பதா என்று இருந்தது. அது மட்டும் இல்லை. போனால் காலை எடுக்கச் சொல்வார்கள் என்று பயம். போகாமல் இருந்தால் சொல்ல மாட்டார்கள் இல்லையா? அறுபத்தொரு பேரில் எத்தனை பேர் இதையே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், நான் எத்தனை பேரை முட்டாள் என்றிருக்கிறேன்.

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் தோசை ஊற்றிக் கொடுத்தேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, கழுவி, அவர் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிலில் காலை நீட்டினேன்.

"என்னட்டி இது?"

"ஒரு சோதனை. நான் கண்ணை மூடிக்கிடுதேன். நீங்க இந்தக் குச்சி நுனியால எங்காலைத் தொடணும். விரல்ல, பாதத்துல, குதியில, உங்க இஷ்டத்துக்கு. தொட்ட உடனே நான் சொல்லுவேன்."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா? கால்ல காயத்தை வச்சுக்கிட்டு வெளையாட்டு வேணுமாக்கும்."

"வெளையாட்டு இல்லைங்க. சொன்னதைச் செய்யுங்க."

என் குரலில் என்ன இருந்ததோ, அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கண்ணை மூடினேன்.

முதலில் இடது கால். பெருவிரலில் குத்தியது, சொன்னேன். சுண்டுவிரலில் ஏதோ லேசாக, சொன்னேன். குதிகாலில் சொன்னேன். "எல்லாம் சரியாத்தான் சொல்லுத" என்றார். அவர் குரலில் ஒரு நிம்மதி. எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

"இப்ப வலது கால்" என்றேன்.

காத்திருந்தேன். வெளியே பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார். காலில் ஒன்றும் படவில்லை. அவர் கட்டுத்துணியை எடுக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"என்ன, சும்மா இருக்கிய? ஆரம்பிங்க" என்றேன்.



கண்ணைத் திறந்தேன். ஈர்க்குச்சி தரையில் கிடந்தது. அவர் என் வலது பாதத்தை மடியில் தூக்கி வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். குனிந்த தலை நிமிரவில்லை. அவர் பிடித்திருப்பது கண்ணால் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு, 318, ஸ்குரு, முள் என்று சொன்ன பொய், காப்புக்குள்ளே இருக்கும் காயம். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய் ஆட்டோ கூட்டிவரச் செருப்பை மாட்டினார், வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "கால் இருக்கும்லாட்டி?" என்று கேட்டார். இத்தனை வருடமாக எத்தனை வீட்டில் இந்தக் கேள்விக்குப் படபடவென்று பதில் சொல்லியிருக்கிறேன். அவரிடம், "சீக்கிரம் ஆட்டோவைக் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஆட்டோ வந்துவிட்டது.